வாய்க்கால் நடை

ஞாயிறு தவறாமல் சந்தானகிருஷ்ணன் தன் நடைக்குழுவை டவுனிலிருந்து கூட்டிவந்து காய்ந்த வாய்க்காலுக்குள் இறக்கிவிடுவார். கரையெல்லாம் முள், உள்ளே புங்க மர நிழல், பட்டு மாதிரி மணல். முன்னால் போகிறவர் தோளில் கைவைத்து, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நடக்க வேண்டும். தலைமை தாங்கும் அவர் கழுத்தில் தொங்கும் செல்போனில் ஏதோ ஒரு ஆற்றின் சத்தம் சலசலக்கும். இயற்கையோடு கரைவதாம். கடைசி ஆளாக வரும் அவர் மனைவி குமுதவல்லி மட்டும் கண்ணை மூடுவதில்லை. ஒரு தம்ளர் தண்ணீரைக்கூடத் தானே மொண்டு குடித்தறியாத மனிதர் ஆற்றைப் பற்றி வகுப்பெடுப்பதையும், அதற்குத் தொந்திகள் வரிசையாக உருகுவதையும் பார்க்க அவளுக்குக் கண் வேண்டியிருந்தது. அன்று கரையில் ஆடு மேய்த்தவள், "ஐயா, மேல தண்ணி தொறந்துட்டாங்களாம், ஏறி வந்துருங்க" என்றாள். "கடைமடைக்கு என்னைக்கும்மா தண்ணி வந்திருக்கு?" என்று அவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். குழுவும் சிரித்தது. கொஞ்ச தூரம் போனதும் குமுதவல்லி திரும்பிப் பார்த்தாள். வளைவில் சருகையும் ஒற்றைச் செருப்பையும் உருட்டிக்கொண்டு, செம்மண் நிறத்தில், அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது தண்ணீர். முன்னால் இருந்தவரின் தோளிலிருந்து கையை எடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையேறினாள். "குமுதா, இன்னைக்கு நெஜ ஆறு மாதிரியே கேக்குது பாத்தியா?" என்றார் அவர், உருகிப்போய். முள்ளை ஒதுக்கி, உட்கார வாகாக ஓர் இடம் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க."