ஆள் கணக்கு

"அப்பா, சர்ச்சுக்குள்ள யாரோ தட்டுறாங்க."

தையல்காரர் சாப்பிட்டு அப்போதுதான் கை கழுவிக்கொண்டிருந்தார். ஞாயிறு மதியம் மூன்று மணி.

"யாரு சொன்னா?"

"நானே கேட்டேன். டியூட்டிக்குப் போற வழியில. கதவுக்குப் பின்னால தட்டுற சத்தம். யாருன்னு கேட்டா பதில் இல்ல, தட்டு மட்டும்தான் வருது."

மகள் நர்ஸ். இல்லாததைச் சொல்லுகிறவள் இல்லை.

சபை இரண்டாகி நான்கு வருடம். காலை எட்டு மணி ஆராதனை இவர் பக்கத்துக்கு. பத்தரை மணி ஆராதனை அச்சகக்காரர் பக்கத்துக்கு. அச்சகக்காரர் வேற்றாள் இல்லை, இவருடைய தங்கை புருஷன். பிரிந்த வருடம் சில ஆட்கள் ஆலயத்துக்குள் ஒளிந்திருந்து அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்ததில் மண்டைகள் உடைந்தன. அதற்குப் பிறகுதான் ஒப்பந்தம். கதவுக்கு இரண்டு பூட்டு, பக்கத்துக்கு ஒரு சாவி. ஆராதனை முடிந்ததும் அந்தந்தப் பக்கத்துச் செயலாளர், அதாவது இவரோ அச்சகக்காரரோ, வாசலில் நின்று, பட்டியலில் டிக் போட்டுத் தன் ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும். மீறி ஒருவன் உள்ளே அகப்பட்டால், அவன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஆறு மாதத்துக்குத் தெருவில் நின்றுதான் ஜெபிக்க வேண்டும்.

பட்டியலை எடுத்துக்கொண்டு தையல்காரர் ஓடினார். ஆலய வாசலில், சேதி கேட்டு வந்த அச்சகக்காரர் முந்திக்கொண்டு நின்றார், கையில் அச்சடித்த பட்டியலோடு.

"வாங்க மச்சான். ஆளை உள்ள வெச்சுப் பூட்டிட்டுச் சோறு எப்படி இறங்குச்சு?"

"என் ஆளா? எண்பத்திநாலு பேர் வந்தாங்க, எண்பத்திநாலு டிக். நீங்கதான் மாப்பிள்ளை, கணக்குல கொஞ்சம் அப்படி இப்படி. உங்க கல்யாணப் பத்திரிகையிலயே என் பேரை விட்டவராச்சே."

"அது அச்சுப் பிழை."

"இதுவும் அதேதான். உங்க பிழை உள்ள நின்னு தட்டிக்கிட்டிருக்கு."

டொக்... டொக்... என்று கதவு அதிர்ந்தது. அப்பாவின் பின்னாலேயே வந்த மகள் மண்டியிட்டுக் கதவில் காதை வைத்தாள்.

"மாமா, அப்பா, சண்டையை அப்புறம் போடுங்க. முதல்ல திற‌ங்க. யாரா இருந்தா என்ன?"

"திறந்த அடுத்த நிமிஷம் உங்கப்பா, 'இது அவங்க ஆள்'னு சத்தியம் பண்ணுவாரும்மா. நாங்க ஆறு மாசம் வெயில்ல நிக்கணுமா?" என்றார் அச்சகக்காரர். "எண்ணி முடிச்சுட்டுத்தான் பூட்டுல கை வைக்கணும்."

"அப்போ பாஸ்டரையாவது கூப்பிடுங்க. அவர் சொன்னா கேப்பீங்கல்ல?"

"அவர் எதுக்கு?" தையல்காரர் முகத்தைச் சுளித்தார். "அவர் உங்க மாமா பக்கம். போன வாரப் பிரசங்கத்துல யாரைக் குத்தினார்னு ஊருக்கே தெரியும்."

"குத்து வாங்கினது நாங்க. வந்தார்னா உங்களுக்குத்தான் வக்காலத்து வாங்குவார். வேண்டவே வேண்டாம்."

அந்தப் பேச்சு அதோடு அடங்கியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு படியில் உட்கார்ந்து வீடு வீடாகப் போன் போட ஆரம்பித்தார்கள். தூக்கத்தில் எழுப்பியதற்கு ஒருவர் திட்டினார். "நான் இருக்கேனா செத்தேனான்னு பாக்கவா போன் பண்ணே?" என்று ஒரு பெரியம்மா அழுதாள். அவளுக்கும் ஒரு டிக்.

"அப்பா, தட்டு மெதுவாகுது. சொல்றது காதுல விழுதா?"

"இன்னும் பதினோரு வீடும்மா."

"மாமா, நீங்களாவது திறங்க."

"நான் மட்டும் திறந்து என்ன புண்ணியம்? உங்கப்பா பூட்டு தொங்குதே."

நான்கு மணி தாண்டித்தான் கணக்கு முடிந்தது. இந்தப் பக்கம் எண்பத்துநான்கு, அந்தப் பக்கம் எழுபத்தொன்று. ஒருவர் குறையவில்லை. ஒவ்வொரு டிக்கையும் இவருடையதை அவரும் அவருடையதை இவரும் விரல் வைத்துச் சரிபார்த்தார்கள். இருவர் நெஞ்சிலும் ஒரே நேரத்தில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

"அப்போ திருடன்," என்றார் தையல்காரர்.

"சந்தேகமே இல்ல மச்சான். காணிக்கைப் பெட்டிக்கு வந்தவன் மாட்டிக்கிட்டான்."

திருடன் என்றதும் இரண்டு பக்கமும் ஒரு நிமிடத்தில் ஒன்றாகிவிட்டது. ஒருவர் கட்டை எடுத்தார். மற்றவர் கல் எடுத்தார். தட்டும் சத்தம் நின்று எவ்வளவு நேரமாயிற்று என்று மகளைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு சாவிகளும் திரும்பின. கதவு ஒரு முழம் போய் எதிலோ இடித்து நின்றது. மூவரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள்.

கதவடியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் குப்புறக் கிடந்தார்.

"எங்க ஆள் இல்ல," என்றார் தையல்காரர்.

"எங்க ஆளும் இல்ல," என்றார் அச்சகக்காரர்.

மகள் இருவரையும் விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து கிடந்தவரின் கழுத்தில் விரல் வைத்தாள். வைத்த விரலை எடுக்காமலே சொன்னாள்:

"உடம்பு இன்னும் சூடா இருக்கு. நாடிதான் இல்ல. ஆம்புலன்சைக் கூப்பிடுங்க. அப்பா, தோளைப் பிடிங்க. மாமா, காலைப் பிடிங்க. மல்லாத்தணும்."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் புரட்டினார்கள். காலை எட்டு மணிக்கு ஒருவர் பக்கத்துக்கும், பத்தரை மணிக்கு இன்னொருவர் பக்கத்துக்கும் அப்பம் பிட்டுக் கொடுத்த போதகர், இரண்டு பட்டியலிலும் பெயர் இல்லாத அந்த ஒரே ஆள், கண் மூடாமல் அவர்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.