கூட்டாத வீடு

“மூச்சை இழு. இப்ப மெதுவா விடு. கண்ணை மட்டும் மணல்லருந்து எடுக்காதே” என்றாள் சுலைகா.

எங்கள் ஊர் மொஸ்தகானத்தின் கடற்கரையில், அலை நுனியில் வெறுங்காலோடு நின்றிருந்தோம். காலை நடைப் பெண்கள் என்று ஊரில் எங்களுக்குப் பெயர். நான் புதியவள்.

என் மகன் ரவூஃப் கள்ளப்படகேறி ஸ்பெயினுக்குப் போனதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ரொட்டித் துண்டு தொண்டையில் இறங்கவில்லை. மேல்வீட்டு வர்தாதான் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். அவள் மகன் ஷம்சுவும் அதே படகில்தான் போயிருந்தான்.

“இவளுங்களைப் பாரு யமீனா. ஒருத்திக்குச் சர்க்கரை இறங்கிடுச்சு, ஒருத்திக்கு ரத்தக்கொதிப்பு இறங்கிடுச்சு. நான்கூட காபியில சர்க்கரையை விட்டுட்டேன். இனி புருஷனை விடுறதுதான் பாக்கி” என்றாள் வர்தா.

சுலைகாவின் சட்டங்கள் எளியவை. நடக்கும்போது பேசக்கூடாது. நேற்றையும் நாளையையும் நினைக்கக்கூடாது. கடல் கொண்டுவந்து போட்ட எதையும் தாண்டிப் போகக்கூடாது. பாசியோ பாட்டிலோ, நின்று முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் சன்னலைத் திறந்துவிட்டு வீட்டைக் கூட்ட வேண்டும். வீடு சுத்தமானால் மனசும் சுத்தமாகுமாம்.

கடைசிச் சட்டத்தை எனக்கும் வர்தாவுக்கும் மட்டும் தளர்த்தியிருந்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் இப்பக் கூட்டாதீங்க.”

ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. பயணம் போனவன் போய்ச் சேர்ந்த செய்தி வருமுன் வீட்டைக் கூட்டினால் அவன் திரும்ப மாட்டான். எங்கள் தெருவில் பிறந்த யாருக்கும் இது தெரியும்.

ரவூஃப் சொல்லாமல் போனான். திரும்பி வரட்டும் என்று அவன் பின்னால் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. கூட்டாமல் இருப்பது ஒன்றுதான் என்னால் முடிந்தது. அவன் கொறித்துப் போட்ட சூரியகாந்தி விதைத் தொலி சோபாவுக்கு அடியில் அப்படியே கிடந்தது. நான் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, நடை வேலை செய்தது. முந்தின இரவு விடியும்வரை தூங்கியிருந்தேன். காலையில் பசித்தது. இதோ, உடைந்த வாளிக்குள்ளிருந்து ஒரு குட்டி நண்டு எட்டிப் பார்த்துவிட்டு வெடுக்கென்று உள்ளே ஓட, நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

சிரித்த வாயை உடனே பொத்திக்கொண்டேன். பிள்ளையைக் கடலில் அனுப்பிவிட்டுச் சிரிக்கிறாளே என்று கடல் கேட்டுவிடுமோ என்றிருந்தது.

அப்போதுதான் முன்னால் போன வர்தா நின்றாள்.

பாசிக் குவியலில் ஒரு ஷூ.

பெண்கள் ஓடவில்லை, கத்தவில்லை. பழகிய வேலையைப் போல வட்டமாகக் கூடினார்கள். சுலைகா குனிந்து எடுத்தாள். அலையில் அலசினாள். உள்ளே விரலை விட்டு மணலை வழித்தாள். தன் கையை விரித்து, குதிகாலிலிருந்து நுனிவரை சாணால் அளந்தாள்.

“என் பிள்ளையோடது இல்ல” என்றாள். சொல்லிவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். அவளும் அளந்தாள். அவளும் தலையாட்டினாள்.

சுலைகாவின் தோளில் தொங்கும் துணிப்பையைச் சிப்பி பொறுக்க என்றல்லவா நினைத்திருந்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“தேடத்தான் வந்தோம், யமீனா. நடந்து நடந்து உடம்பு தேறிடுச்சு. அதுக்கு நாங்க என்ன செய்ய?”

ஷூ என் கைக்கு வந்தது. உள்ளே குதிகால் தேய்ந்த இடத்தில் நீலத் துணி ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தது. நெருக்கமான, பொறுமையான தையல்.

வர்தா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாமலேயே அவள் நகம் என் சதைக்குள் இறங்கியது. ஷூவைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூச்சை இழுத்தேன். மெதுவாக விட்டேன்.

“இல்ல. ரவூஃபுக்கு இன்னும் பெரிய கால்.”

வர்தா என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தமிட்டாள். “நான் சொல்லல? ரெண்டு கழுதைங்களும் இந்நேரம் ஸ்பெயின்ல, அல்மேரியாவுல தக்காளி பறிச்சுக்கிட்டிருக்கும்! போன் வாங்கக் காசு சேர வேணாமா? வாங்கடி, இன்னிக்குக் காபி என் செலவு. எனக்குச் சர்க்கரை போட்டு!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுலைகா மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து ஷூவை வாங்கப் பார்த்தாள். என் விரல்கள் விடவில்லை. அவள் அவசரப்படவில்லை, காத்திருந்தாள். பிறகு வாங்கிப் பையில் வைத்தாள்.

காபி குடித்தேன். ரவை ரொட்டியும் தின்றேன். வர்தாவோடு படியேறி என் வாசலில் நின்றேன். அவள் பாடிக்கொண்டே மேல்மாடிக்குப் போனாள்.

உள்ளே வந்து சன்னலைத் திறந்தேன். காற்றில் நீலத் திரைச்சீலை எழும்பியது. அதன் கீழ் ஓரத்தில், ஒட்டுப்போட நான் துணி வெட்டியெடுத்த இடம் தெரிந்தது.

மேலே வர்தாவுக்குக் கேட்டுவிடாதபடி கதவைச் சாத்தினேன். துடைப்பத்தை எடுத்து, சோபாவுக்கு அடியிலிருந்து மெதுவாகக் கூட்டத் தொடங்கினேன்.