பூவாளிக்காரன்

வல்லம் வடகாலில் ரயில் பெட்டிக்கு சீட் செய்யும் கம்பெனி. வரவேற்பறையில் இருந்த குட்டி மாதிரி ரயில்நிலையத்தைச் சுற்றி, தோட்டக்காரர் தாண்டவராயன் பிளாஸ்டிக் ரோஜாச் செடிகளை ஒட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் ஸ்ரீதரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

“பதினோரு மணிக்கு விசிட்டர்ஸ் வந்துடுவாங்க. ஏன்யா இவ்ளோ தள்ளித் தள்ளி ஒட்டுற?”

“வேர் ஓட எடம் வோணுமே சார்.”

“பிளாஸ்டிக் செடிக்கு ஏதுய்யா வேரு?”

தாண்டவராயன் கடைசியாக, பூவாளியோடு நிற்கும் விரல்நுனி அளவு பொம்மையை ரோஜாக்களுக்கு நடுவே வைத்தார்.

“இதுக்குத்தான் தண்ணியே ஊத்த வேணாமே. அப்புறம் ஆள் எதுக்கு? எடுத்துடு.”

தாண்டவராயன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தார். கம்பெனித் தோட்டம் முழுக்க, நேற்று விரித்த பிளாஸ்டிக் புல் மினுங்கியது.

“இன்னியோட என்னை நிறுத்திட்டாங்க சார். காலையில ஹெச்.ஆர்லயும் இதையேதான் சொன்னாங்க.”