சுவரோரச் சேம்பு

கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்கள், செல்லங்களா. பெரிய கதை இல்லை. கையிலிருக்கும் சாறு தீர்வதற்குள் முடிந்துவிடும்.

ஏப்ரல் மாதம், மெரிதா நகரம், காலை எட்டு மணி. நாய்கூட நிழல் தேடி ஓடுகிற அந்த வெயில் நாளில், நெல்சி கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தாள்.

"காய்ச்சலா நெல்சி?" என்று கேட்டான் பக்கத்து மேசை வில்பெர்த். அவனும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சட்டை போட்டிருந்தான்.

"காய்ச்சல் இல்லடா, நம்ம கட்டடக்கலை."

அவள் சொன்னதும் சரிதான். "எங்கள் கட்டடங்களுக்கு ஏ.சி. வேண்டாம், சுவரே குளிர்ச்சி தரும்" என்று சொல்லிப் பெயர் வாங்கிய கட்டடக்கலை நிறுவனம் அது. அன்று ஒன்பது மணிக்கு, பசுமை முத்திரை தரலாமா என்று பார்க்க நடுவர் வருகிறார்.

மரத்தட்டிக்குப் பின்னால் ஒரு ஏ.சி. ஒளிந்திருந்தது. தினமும் மதியத்துக்கு மேல் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு போட்டுக்கொள்வதுதான். முந்தின நாள் மாலையிலிருந்து அதை நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தார்கள். நடுவர் வருமுன் அணைத்துவிட்டால் போதும், கனத்த சுண்ணாம்புச் சுவர் குளிரைப் பிடித்து வைத்திருக்கும்.

எல்லாம் முதலாளி காஸ்பரின் யோசனை. "முத்திரை இருந்தாத்தான் பள்ளிக்கூடம் கட்டுற வேலைக்கு நம்மளைக் கூப்பிடுவாங்க. உன் ஊர்ப் பள்ளிக்கூடம் பொண்ணே, யோசிச்சுக்கோ."

நெல்சி யோசித்தாள். தகரக் கூரைக்கடியில் வெந்து வெந்து படித்தவள் அவள். இரண்டு வருஷமாக அந்தப் பள்ளியைத்தான் வரைந்துகொண்டிருந்தாள். அதனால் பேசாமல் இருந்தாள்.

வருகிற நடுவர் மிர்தா அம்மாள். முப்பது வருஷத்துக்கு முன் ஏ.சி. இல்லாமல் தனக்கென்று ஒரு வீடு கட்டியவர். அந்த வீட்டைப் பார்த்துத்தான் நெல்சி இந்தத் தொழிலுக்கே வந்தாள்.

வீட்டின் படம் ஒன்று அலுவலகச் சுவரில் சாமி படம் மாதிரித் தொங்கியது. வெள்ளைச் சுவர், ஒரு கல்தொட்டி, வெயிலில் வெளுத்த பின்முற்றம், சுவரோரம் பச்சைப்பசேலென்று ஒரு சேம்பு. தன் முற்றமும் அப்படியே இருக்கவேண்டுமென்று காஸ்பர் நாலு சேம்பு நட்டிருந்தார்.

நடுவர் சரியாக ஒன்பதுக்கு வந்தார். வந்ததும் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். "நல்லா குளுகுளுன்னு இருக்கே."

"எல்லாம் சுவரோட வேலைதாம்மா," என்றார் காஸ்பர், முகம் மாறாமல்.

இரண்டு பக்கமும் வரைந்த காகிதங்களை நடுவர் பார்த்தார். கண்ணாடித் தம்ளர்களைப் பார்த்தார். வாசலில் நின்ற சைக்கிள்களை எண்ணினார். ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் ஒரு குறி போட்டார். பிறகு பின்முற்றத்துக்கு வந்து நின்றுவிட்டார்.

மூன்று சேம்பு கருகிக் கிடந்தது. மூலையில் இருந்தது மட்டும் தாம்பாளம் தாம்பாளமாய் இலை விட்டிருந்தது. அந்த மூலையில்தான் ஏ.சி.யின் கழிவுநீர்க் குழாய் மண்ணுக்குள் புதைந்திருந்தது.

"இதுக்கு மட்டும் யாரு தண்ணி ஊத்துறா?"

காஸ்பர் நெல்சியைப் பார்த்தார். "தொட்டியில புடிச்ச மழைத்தண்ணிம்மா," என்றாள் நெல்சி. குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது.

"கடைசியா எப்ப மழை பெஞ்சுது?"

"நவம்பர்ல."

வில்பெர்த்துக்கு இருமல் வந்துவிட்டது. மிர்தா அம்மாள் அந்த இலையை ஒரு நிமிஷம் விரலால் தடவிவிட்டு உள்ளே வந்தார்.

மேசையில் படிவத்தை விரித்தார். கடைசிக் கட்டம்தான் பாக்கி. 'இயந்திரம் இல்லாத குளிர்ச்சி.' பேனா அதன்மேல் நின்றது. அவர் கண் நெல்சியின் தோளில் நின்றது.

அப்போதுதான் நெல்சி குனிந்து பார்த்தாள். சால்வையை எடுக்கவே மறந்துபோயிருந்தாள்.

காதுமடல் வரை சுட்டது அவளுக்கு. யாரைப் பார்த்துத் தொழிலுக்கு வந்தாளோ அவர் முன்னாலேயே பொய்யைப் போர்த்திக்கொண்டு நிற்கிறோமே என்றிருந்தது.

"எழுதாதீங்கம்மா. தட்டிக்குப் பின்னால ஏ.சி. இருக்கு. நேத்து சாயங்காலத்துலேருந்து ஓடுச்சு. அந்தச் செடி குடிச்சதும் அதோட தண்ணிதான்."

காஸ்பர் கண்ணை மூடிக்கொண்டார். பள்ளிக்கூடம் போயிற்று.

மிர்தா அம்மாள் அவளைத் திட்டவில்லை. படிவத்தில் நிறுவனத்தின் பெயர்மேல் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். பிறகு பேனாவைக் கீழே இறக்கி, நடுவர் என்ற இடத்தில் இருந்த தன் பெயர்மேலும் ஒரு கோடு இழுத்தார்.

"உங்க பேரை ஏம்மா அடிக்கிறீங்க?"

அவர் சுவரிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி நெல்சியின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"என் வீட்டுச் சேம்புக்கு யாரு தண்ணி ஊத்துறான்னு முப்பது வருஷமா ஒருத்தரும் கேக்கலையே, கண்ணு."

உங்கள் வீட்டுச் செடிகொடியெல்லாம் மழையைக் குடித்தே தழைக்கட்டும், செல்லங்களா.