எழுதிய பேனா

கோவில்பட்டியில் பேனாப் பிரியர்கள் கூடும் லாட்ஜின் மாடிப்படி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ஒழுகும் வீட்டுக்கு ஓடு மாற்றவேண்டும். அதற்காக அப்பாவின் தங்க நிப் பேனாவை விற்க வந்திருந்தேன்.

ஜவுளிக்கடை ஷேக் பரீத் அதை லென்ஸ் வைத்துப் பார்த்தார். “மணிராஜ், இங்கன பாரும். ஒத்தக் கட்டையில கடைஞ்ச பாடி!”

“கிளிப்பு கொக்கு மூக்கு கணக்கால்லா இருக்கு! இப்ப எவன் இப்படிச் செய்யுதான்?” என்றார் பக்கத்திலிருந்த மணிராஜ்.

பரீத் நிப்பைத் திருப்பினார். “அண்ணாச்சி, இது மையே தொடாத பேனா. இந்தக் காலத்துப் பேனா எழுதாம கிடைக்கிறது அபூர்வம். அம்பதாயிரம் தாரேன்.”

“எழுதாததா? நாகலாபுரம் ஊர்ப் பஞ்சாயத்துல நாப்பது வருசத் தீர்ப்பும் எங்கப்பா இதுலதான் எழுதினாவ.”

“எழுதினதுன்னா அஞ்சாயிரம்தான் போகும். யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிக்க என்ன இருக்கு? எழுதினதுதான். கழுவித் துடைச்சு வச்சிருக்கோம்.”

“வீட்டுக்கு வார லட்சுமிய விரட்டுதீங்களே!” என்றார் மணிராஜ்.

பேனாவைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலிலேயே என் மனைவி வெயிலம்மாள் கேட்டாள். “வித்தாச்சா?”

“விலை படியலை.”

“மாமா எழுதின பேனான்னு சொல்லியிருப்பீங்களே!”

நான் செருப்பைக் கழற்றினேன். உள்ளே மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் தீர்ப்புத் தாள்கள் இருந்த பத்திரப் பெட்டியை ஓரமாக நகர்த்தித் திறந்து பார்த்தேன். நல்லவேளை, எதுவும் நனையவில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்துக்குப் பதிலாக அப்பாவின் இடது பெருவிரல் ரேகை அப்படியே இருந்தது.