பத்துக்கு எட்டு

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். முழங்காலை மடக்கிக் காட்டினால்தான் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பிசியோதெரபி செய்யும் பெண் அறைக்குள் நுழைந்ததுமே ஓய்வுபெற்ற லாரி டிரைவருக்கு முகம் வெளிறிப் போனது.

“கஷ்டம் பத்துக்கு எத்தனைங்கய்யா?”

“எட்டும்மா. உயிரே போகுது.”

“கண்ணை மூடுங்க. மூச்சை மெதுவா இழுத்து விடுங்க. மனசுக்குப் பிடிச்ச இடம் எதையாவது நினைச்சுக்குங்க.”

எதிரே ஒரு வண்டிகூட வராத நெடுஞ்சாலையை அவர் நினைத்துக்கொண்டார். இறுகியிருந்த தோள் மெல்லத் தளர்ந்தது.

“பல்லைக் கடிக்காதீங்க” என்று மனைவி அவர் கையைத் தடவிக் கொடுத்தாள். “நான் பக்கத்துலதானே இருக்கேன்.”

“இப்ப எத்தனைங்கய்யா?”

“மூணு” என்றார். குரலில் தூக்கம் தட்டியது.

அவரை அப்படியே நாற்காலியில் சாய்த்துவிட்டு, அந்தப் பெண் கட்டிலின் பக்கம் திரும்பினாள்.

“ஐயா தேறிட்டார். இப்ப உங்க காலை மடக்கலாமாம்மா?”

கட்டிலில் கிடந்த மனைவி போர்வையை விலக்கி, கட்டுப்போட்ட முழங்காலைக் காட்டினாள்.

“சீக்கிரம் மடக்கிடும்மா. கண்ணைத் திறந்து பார்த்தார்னா, நேத்து மாதிரி மறுபடியும் மயங்கி விழுந்துடுவார்.”