வழுக்காத டாங்கி

டாங்கியின் முதுகில் ஏறி நின்ற ஆமிக்காரன் இம்முறை விழவில்லை. கேதீஸ்வரனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. போன வருடம் இதே இடத்தில்தான் அவனுடைய மானம் கப்பலேறியது.

நடுவர் அருந்ததி அந்த ஆமிக்காரனை இரண்டு விரலால் தூக்கி ஓரமாக வைத்தார். ஆள் சுண்டுவிரல் உயரம், டாங்கி ஒரு சாண். நல்லூர் மண்டபத்தில் குட்டி வாகனங்களின் கண்காட்சிப் போட்டி; டாங்கி கேதீஸ்வரன் செய்தது.

மேலே ஏறுகிறவன் சறுக்காமல் இருக்க, நிஜ டாங்கியில் சொரசொரப்பான பூச்சு ஒன்று உண்டு. அதைச் சாண் அளவு டாங்கியில் கொண்டுவருவது இருக்கிறதே, பிராணன் போகிற வேலை.

"உம்மடை ஒவ்வொரு மணலும் இவனுக்குத் தேசிக்காய் அளவு. பாவம், தடக்கியெல்லோ விழுவான்!" என்று போன வருடம் அருந்ததி சொன்னபோது, எலுமிச்சை அளவு மணலை நினைத்து மண்டபமே சிரித்தது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் அவனுடைய மாமனார் சிவசுப்பிரமணியம்.

"அடுத்தமுறையும் பரிசு இல்லையெண்டால் முன்னறை எனக்கு. உம்மடை மேசை மாட்டுக்கொட்டிலுக்கு" என்று அன்றே தீர்ப்பும் சொல்லிவிட்டார். அந்த மேசை போனால் கேதீஸ்வரனுக்கு உலகமே போன மாதிரி.

ஆகவே மனிதன் வெள்ளை மணலை அம்மியில் அரைத்தான். மனைவி தர்சிகாவின் வொயில் சேலையில் ஏழு தரம் அரித்து, ஜாம் போத்தலில் நிரப்பி வைத்தான். சேலைக்காக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

போன வெள்ளிக்கிழமை தர்சிகா வீடு கழுவினாள். முன்னறை, சாமியறை எல்லாம் ஒதுக்கித் துடைத்து, சாமான்களையும் ஒரே மாதிரியான ஜாம் போத்தல்களையும் திரும்ப எடுத்து வைத்தாள். மறுநாள் கேதீஸ்வரன் டாங்கியில் பசை தடவி, போத்தலைத் திறந்து தூவினான். அப்படியொரு மென்மை! ஏழு தரம் அரித்தது வீண்போகவில்லை என்று துள்ளிக் குதித்தான்.

இப்போது அருந்ததி பூதக்கண்ணாடியோடு குனிந்தார். பக்கத்தில் நின்ற மாமனார் சிவந்துபோன நெற்றியைச் சொறிந்துகொண்டார்.

"என்ன வெய்யிலப்பா, நெத்தியெல்லாம் எரியுது" என்றவர் மருமகனைப் பார்த்தார். "நெத்தியிலை ஒரு குறி இல்லாமல் வெளிக்கிட்டு வந்திருக்கிறீர். உமக்கு எங்கை பரிசு கிடைக்கப்போகுது? என்னைப் பாரும், காலமை திருநீறு பூசாமல் பச்சைத்தண்ணி குடிக்கமாட்டன்."

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்கோ."

அருந்ததி நிமிர்ந்தார். "இதெல்லோ வேலை! நிஜ டாங்கியைச் சுருக்கி வைச்ச மாதிரிக் கிடக்கு. முதலாம் பரிசு உமக்குத்தான். என்ன பாவிச்சனீர்?"

கேதீஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "மணல்தான் மிஸ். ஏழு தரம் அரிச்சனான். மிச்சமும் கொண்டுவந்திருக்கிறன்" என்று ஜாம் போத்தலை நீட்டினான். மேசை தப்பிவிட்ட சந்தோசத்தில் மாமனாரைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தான்.

அருந்ததி ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். முகர்ந்தார். இன்னொரு தரம் முகர்ந்தார்.

"மணலோ? ஐசே, இது திருநீறெல்லோ!"

கேதீஸ்வரனின் சிரிப்பு பாதியில் நின்றது. "பயப்பிடாதையும், பரிசு பரிசுதான். என்ன பொடி பாவிக்கிறதெண்டு சட்டம் ஒண்டுமில்லை" என்று அருந்ததி அவன் தோளில் தட்டினார். கூட வந்திருந்த தர்சிகா மட்டும் மெல்ல நழுவி ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

சொறிந்துகொண்டிருந்த மாமனாரின் கை நெற்றியிலேயே நின்றது.

"அப்ப தம்பி, ஒரு கிழமையாய் நான் பூசினது என்ன?"